கவிழ்ந்து கிடந்த கிண்ணம்

“தொட்டுப் பாரும். மோந்து பாரும். ஆனா எனக்கு மறதின்னு மட்டும் சொல்லிராதியும். அப்படிச் சொல்றதா இருந்தா இப்பவே படியிறங்கிப் போயிரும்.”

வெள்ளைத்துரை பாத்திரத்தை மேஜைமேல் ‘ணங்’கென்று வைத்தார். எழுபத்தாறு வயது. தி.நகரில் நாற்பது வருஷம் பாத்திரக்கடை நடத்தியவர். பேரம் பேசிய வாடிக்கையாளர்களை வாசல்வரை வந்து திட்டிவிட்டு, பிறகு அவர்களுக்கே விற்றவர். மனைவி செண்பகம் போய் இரண்டு வருஷமாகிறது. அதிலிருந்து மந்தைவெளியில் இந்த இரண்டாம் மாடி வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். சமையல், துணி, மருந்து, கோபம் எல்லாம் சொந்தக் கையால்.

துப்பறியும் மதிவாணன் பாத்திரத்தை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினான். பால் கருகித் தார் மாதிரி அடியில் உறைந்திருந்தது. அந்தக் கறுப்புக்கு நடுவில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் கவிழ்ந்தபடி ஒட்டிக் கிடந்தது.

அவன் உதவியாளர் தமிழ்நிலா எட்டிப் பார்த்தாள். பெயர்தான் நிலா. வாய் முழுக்க வெயில். “இன்னா சார் இது? பாலுக்குள்ள குடை பிடிச்சிக்கினு குந்திக்கீது?”

“இது யார் போட்டது?” என்று மதிவாணன் பெரியவரைக் கேட்டான்.

வெள்ளைத்துரை காதிலிருந்த மெஷினைச் சரிசெய்துகொண்டார். “துப்பறியுதது நீரா, நானா?”

விஷயம் இதுதான். போன மாதம் ஒருநாள் குழாய் திறந்தே கிடந்து கீழ்வீட்டுக் கூரை ஊறிப்போனது. அடுத்து, அவர் நடைக்குப் போயிருந்தபோது வாசற்கதவு அகலத் திறந்து கிடந்தது. கடைசியாகப் போன வாரம், அவர் நாகேஸ்வரராவ் பூங்காவில் இருந்தபோது வீட்டுக்குள்ளிருந்து புகை கிளம்பியது. அடுப்பில் பால் தீய்ந்து, பக்கத்தில் தொங்கிய கைப்பிடித் துணி எரியத் தொடங்கியிருந்தது. அக்கம்பக்கத்தார் ஓடி வந்து அணைத்தார்கள். அவர் திரும்பி வந்தபோது மாடிப்படி முழுக்க ஆட்கள் நின்று பரிதாபமாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வையைச் சொல்லும்போதுதான் அவருக்குக் குரல் நடுங்கியது. பயத்தில் இல்லை.

“இன்னிக்கு ஆறு மணிக்குக் கீழ கார் நிறுத்துற இடத்துல மீட்டிங். நான் இனிமே தனியா இருக்கக் கூடாதாம். அசோசியேஷன் முடிவெடுக்கப் போவுது. கேஸைக் கழட்டணும், ஆளைக் கழட்டணும். கேளம்பாக்கம் தாண்டி எங்கியோ முதியோர் குடியிருப்பாம், அங்க ரூம் கூடப் பாத்தாச்சு. என் வீட்டை விட்டு நான் போறதுக்கு அடுத்தவன் தேதி வைக்கான்!”

“பால் நீங்க வைக்கலை?”

“செண்பகம் போனதுலேர்ந்து நான் பாலே வாங்குறதில்லைய்யா! கருப்பட்டிக் காபி குடிக்கிறவனுக்குப் பால் எதுக்கு? சொன்னேன். அந்த அசோகன் என்ன சொன்னாரு தெரியுமா? ‘பால் வாங்கினதையே மறந்துட்டாரு, பாவம்.’ எப்படி இருக்கு? இல்லைன்னு சொன்னா அதுவே வியாதிக்கு அத்தாட்சி!”

மதிவாணன் பூட்டைப் பார்த்தான். கீறல் இல்லை. “சாவி யார் யார்கிட்ட இருக்கு?”

“என்கிட்ட ஒண்ணு. செக்ரெட்டரி அசோகன், கீழ்வீட்டுல, அவசரத்துக்குன்னு ஒண்ணு. நங்கநல்லூர்ல மக சந்திரிகாகிட்ட ஒண்ணு.”

அதற்குள் அவர் இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தார். கருப்பட்டியும் சுக்கும் மணத்தது. தமிழ்நிலா ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, “நைனா, இது காபி இல்ல, கஷாயம். ஆனா சூப்பரா கீது,” என்றாள்.

“குடிச்சிட்டு வேலையைப் பாரு,” என்றார் வெள்ளைத்துரை.

மாடிப்படித் திருப்பத்தில் மதிவாணன் நின்றான். அவன் யோசிக்கும்போது அப்படித்தான், நடுவழியில் நின்றுவிடுவான். முப்பத்தி நாலு வயதுக்கு அவன் பேசுவது குறைவு. சமீப காலமாக இன்னும் குறைவு.

“கிண்ணம் எதுக்குன்னு தெரியுமா?”

“தெரியாது. எங்க வூட்ல பாலு பொங்குற அளவுக்கு எப்பவும் வாங்குனதில்ல.”

“பால் கொதிச்சா கவிழ்ந்த கிண்ணம் ஆடும். தடதடன்னு சத்தம் போடும். பொங்கறதுக்குள்ள ஓடி வந்து அணைக்கலாம். ஒரு காவல்.”

“சரி.”

“பால் தீயணும்னே ஒருத்தர் அடுப்புல வைக்கிறார். அவர் எதுக்குக் காவல் போடணும்?”

“அப்போ நைனாவே வெச்சிட்டாரா?”

“அவர் வீட்டுக்குள்ள மெஷினைக் கழட்டி வெச்சிடறவர். மேஜைமேல அதுக்குன்னே ஒரு டப்பா இருக்கு, பார்த்தியா? காது கேட்காத மனுஷன் சத்தம் போடற சாமானைப் பாலுக்குள்ள போடுவாரா?”

“அவரும் இல்ல, எதிரியும் இல்ல. அப்போ யாரு, கிண்ணமே குதிச்சிதா?”

“யோசிக்காம போட்டவங்க. கை தானாப் போட்டிருக்கு. வருஷக்கணக்கா பழகின கை. நீ செருப்பைக் கழட்டும்போது எந்தக் கால் முதல்லன்னு யோசிப்பியா?”

“நான் அடிக்கிறதுக்குத்தான் கழட்டுவேன் சார். அப்போ எந்தக் காலு கிட்ட கீதோ அது.”

மதிவாணனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் படியிறங்கும் வேகம் கூடியது. “வா. சாவி இருக்கிற வீடுகள்ல காபி குடிக்கலாம்.”

*

அசோகனின் வீட்டு ஹாலில் ஊறிய கூரையைத்தான் முதலில் காட்டினார்கள். ஏதோ கோயில் சுற்றிக் காட்டுவது மாதிரி அசோகன் விரலை நீட்டி நீட்டிக் காட்டினார்.

“மிஸ்டர் வெள்ளைத்துரை நல்ல மனுஷன் சார். ஆனா வயசாயிடுச்சு. ஒத்துக்க மாட்டேங்கறார். தனியா என்னத்துக்கு இருக்கணும்? யாருக்கு நிரூபிக்க?”

“நீங்க யாருக்கு நிரூபிக்க இருக்கீங்களோ, அவங்களுக்கே இருக்கும்,” என்றான் மதிவாணன்.

அசோகன் முகம் சுருங்கியது.

“இந்தக் கட்டடத்தை இடிச்சுக் கட்ட எல்லாரும் ரெடி, அவர் மட்டும் மாட்டேங்கறார்னு கேள்விப்பட்டேன்,” என்று மதிவாணன் தொடர்ந்தான்.

“அதுக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்?”

“அவரு போய்ட்டா இடிச்சிடலாம்ல?” என்றாள் தமிழ்நிலா, கூரையைப் பார்த்தபடி. “உங்க சீலிங்கும் புதுசாயிடும்.”

“யாரும்மா நீ?”

“அசிஸ்டெண்ட் சார். சம்பளம் கம்மி, வாய் ஜாஸ்தி.”

சமையலறையிலிருந்து அசோகனின் மனைவி சீதா, “சண்டை போடாதீங்கோ, காபி ஆச்சு,” என்று குரல் கொடுத்தார். மதிவாணன் தண்ணீர் கேட்கிற சாக்கில் உள்ளே போனான். அடுப்பில் பால் ஏறிக்கொண்டிருந்தது. பாத்திரத்தின் வாயில் குறுக்கே ஒரு மரக்கரண்டி கிடந்தது.

“இது எதுக்கும்மா?”

“பால் பொங்கி வழியாது. எங்க அம்மா சொல்லிக் குடுத்தது.”

“சில பேர் உள்ளே கிண்ணம் கவிழ்த்துப் போடுவாங்களாமே?”

“ஐயய்ய, குடிக்கிற பாலுக்குள்ள கண்டதையும் போடுவாங்களா?” என்று முகம் சுளித்தவர், சட்டென்று நெகிழ்ந்தார். “மாடியில செண்பகம் அக்கா அப்படித்தான் போடுவாங்க. காலையில தடதடதடன்னு கேட்கும். அந்தச் சத்தத்துலதான் நான் முழிச்சுப்பேன். இப்போ ரெண்டு வருஷமா அலாரம் வெச்சு எழுந்திருக்கேன்.”

மதிவாணன் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தான். குடிக்கவில்லை.

“போன வாரம் புகை வந்தப்போ முதல்ல யார் பார்த்தது?”

“தெரியலையே. நாங்க தாம்பரத்துல கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மண்டபத்துலதான் போன் வந்தது. வந்து பார்த்தா எல்லாம் முடிஞ்சிருந்தது. மாடி வீட்டுச் சாவி பீரோக்குள்ள, பீரோ சாவி என் கைப்பைக்குள்ள.”

தெருவுக்கு வந்ததும் தமிழ்நிலா தலையைச் சொறிந்தாள். “கிண்ணம் போடற கை செண்பகம்மா கை. அவங்களோ செத்துட்டாங்க. அப்போ செத்தவங்க வந்து பால் வெச்சிட்டுப் போனாங்களா சார்?”

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மதிவாணனின் மனைவி இறந்ததும் அதே இரண்டு வருஷத்துக்குள்தான்.

அவன் வண்டியை உதைத்தான். “செத்தவங்க எதையும் வெச்சிட்டு வரமாட்டாங்க,” என்றான். “அவங்க கத்துக்குடுத்தவங்க வைப்பாங்க. ஏறு.”

*

சனிக்கிழமை. நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயில் கூட்டம் ரோடுவரை வழிந்திருந்தது. வடைமாலை வாங்குகிறவர்களைச் சுற்றி வண்டியை உருட்டிக்கொண்டு போகும்போது மதிவாணனின் போன் அடித்தது. அவனுடைய அக்கா. எடுத்தால் என்ன சொல்வாள் என்று தெரியும். எத்தனை நாள் தனியா இருப்பே, அந்த வீட்டைக் காலி பண்ணு, இங்க வந்துடு. நல்ல மனசுதான். நல்ல மனசோடு சொல்கிறவர்களிடம் கோபப்படவும் வழியில்லை. அவன் எடுக்கவில்லை.

சந்திரிகா கதவைத் திறந்தபோதே களைத்திருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். “அப்பா உங்களையும் வரவழைச்சிட்டாரா?” என்று சிரிக்க முயன்றாள். “உக்காருங்க. காபி குடிப்பீங்கல்ல?”

“மூணாவது காபி,” என்று தமிழ்நிலா முணுமுணுத்தாள். “கேசு முடியறதுக்குள்ள எனக்கு சுகர் வந்துடும்.”

சந்திரிகா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு ஹாலுக்கு வந்து உட்கார்ந்தாள். பேசினாள். நிறையப் பேசினாள். அப்பா பிடிவாதம். கூப்பிட்டுக் கூப்பிட்டு வாய் வலிச்சுப் போச்சு. இங்கே தனி ரூம் இருக்கு, ஏசி இருக்கு, பேரப்பிள்ளைகள் இருக்கு. வரமாட்டேங்கிறார்.

“உங்க வீட்டுக்கும் வரலை. அதனால கேளம்பாக்கமா?” என்றான் மதிவாணன்.

“அங்க நர்ஸ் இருக்காங்க சார். விழுந்தா அழுத்தறதுக்குக் கட்டில் பக்கத்துலயே பெல் இருக்கு. அவரு நல்லதுக்குத்தானே—”

சமையலறையில் சத்தம் கேட்டது.

டக்.

டக். டக்.

தடதடதடதட.

சந்திரிகா பேசிக்கொண்டே எழுந்தாள். எழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை. “—அவரு நல்லதுக்குத்தானே நான் பார்க்கறேன்,” என்று வாக்கியத்தை முடித்தபோது கை அடுப்பின் திருகில் இருந்தது. மதிவாணன் பின்னாலேயே போய் நின்றிருந்தான். அடங்கிக்கொண்டிருந்த பாலுக்குள் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் கடைசியாக ஒருமுறை ஆடி நின்றது.

அவன் அதைப் பார்த்தான். அவன் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

“என்ன சார்?”

“அழகாப் போட்டிருக்கீங்க. அம்மா பழக்கமா?”

“எல்லாரும்தான் போடுவாங்க.”

“கீழ்வீட்டு அம்மா போடலை. எங்க வீட்டுல போட்டதில்லை. உங்க அப்பா போடமாட்டார், அவருக்குக் கேட்காது. போன வாரம் அந்த வீட்டுல தீய்ஞ்ச பாலுக்குள்ள இதே மாதிரி ஒண்ணு ஒட்டிட்டுக் கிடக்கு. தீயணும்னு வெச்ச பாலுக்கே காவலும் போட்டுட்டு வந்திருக்கீங்க. அங்கதான் மாட்டினீங்க.”

சந்திரிகா பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அழுவாள் என்று தமிழ்நிலா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் அழவில்லை. திரும்பியபோது முகம் சிவந்திருந்தது.

“ஆமா. நான்தான் வெச்சேன். கதவையும் நான்தான் திறந்து போட்டேன். இப்போ என்ன?”

“வீடு எரிஞ்சிருந்தா?”

“எரியாது. கதவைப் பூட்டாம நான் மாடிப்படியிலதான் நின்னுட்டிருந்தேன். புகை வந்ததும் கத்தி ஆளைக் கூப்பிட்டதே நான்தான். கூட்டம் சேர்றதுக்குள்ள யார் கண்ணுலயும் படாம இறங்கி வந்துட்டேன்.”

“எல்லாம் யோசிச்சிருக்கீங்க.”

“ரெண்டு வருஷமா யோசிக்கிறேன் சார்!” அவள் குரல் வெடித்தது. “எங்க அம்மா எப்படிப் போனாங்கன்னு அவரு சொன்னாரா? பாத்ரூம்ல விழுந்து கத்தியிருக்காங்க. இவரு பக்கத்து ரூம்ல. மெஷினைக் கழட்டி டப்பால போட்டுட்டு நியூஸ் பார்த்துட்டிருக்காரு. எவ்வளவு நேரம் கத்தினாங்களோ! எனக்கு அவரை மன்னிக்கவும் முடியலை, அங்க தனியா விடவும் முடியலை. நாளைக்கு அவரு விழுந்தா யாருக்குக் கேட்கும்? தனியா இருக்கறவங்களுக்குப் பெருமை சார். செத்தா, கதவை உடைச்சு உள்ளே போறது நாங்க.”

“என் மனைவி போனப்போ வீடு நிறைய ஆள் இருந்தாங்க,” என்றான் மதிவாணன். “யாராலயும் ஒண்ணும் செய்ய முடியலை.”

சந்திரிகா நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்க பயம் எனக்குப் புரியுது. உங்க கோபமும் புரியுது. அதை அவர் முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாம். அம்மா கத்தினது உங்களுக்குக் கேட்கலையாப்பான்னு கேட்டிருக்கலாம். அதை விட்டுட்டு ஒரு மனுஷனோட மூளையைத் திருடியிருக்கீங்க!” அவன் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. “அந்தக் கட்டடம் பூரா அவரைப் பைத்தியம் மாதிரி பார்க்குது. நகை எடுத்தா திருப்பிக் குடுத்துடலாம். இதை எப்படித் திருப்பிக் குடுப்பீங்க?”

தமிழ்நிலா சமையலறை வாசலில் அசையாமல் நின்றாள். இந்த மனுஷன் கத்தி அவள் கேட்டதே இல்லை. அவள் மெதுவாக, “சார்,” என்றாள். “பால் ஆறுது.”

அவன் மூச்சை விட்டான். “கிளம்புங்க. ஆறு மணிக்கு மீட்டிங்.”

“நான் அங்க வந்து சொல்லமாட்டேன்.”

“வாங்க. சொல்லலைன்னா நான் சொல்றேன்.”

*

கீழே கார்களை நகர்த்திப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். சந்திரிகாவைத் தமிழ்நிலாவோடு பின்னால் வந்த ஆட்டோவிலேயே உட்காரச் சொல்லிவிட்டு மதிவாணன் மாடியேறினான். வழியெல்லாம் வார்த்தை தேடினான். உங்கள் மகள்தான் என்று ஒரு தகப்பனிடம் எந்த வார்த்தையில் சொல்வது?

தேட வேண்டியிருக்கவில்லை. வெள்ளைத்துரை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், காதில் மெஷினோடு, வாசலிலேயே நின்றிருந்தார்.

“சந்திரிகாதானே?” என்றார்.

மதிவாணன் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றுவிட்டான். “தெரியுமா?”

“நாற்பது வருஷம் அந்தச் சத்தத்துக்குத்தான்யா காபி குடிச்சேன். அப்ப எனக்குக் காது நல்லாக் கேட்டுது. செண்பகம் மகளுக்கு அடுப்புப் பத்தவைக்கச் சொல்லிக்குடுத்த அன்னைக்கே அந்தக் கிண்ணத்தையும் சொல்லிக்குடுத்தா. பாத்திரத்துல எட்டிப் பாத்ததுமே தெரிஞ்சிது.”

“அதான் தேய்க்காம வெச்சிருந்தீங்க. எனக்குக் காட்டறதுக்கு.”

“ஆமா.”

“தெரிஞ்சுக்கிட்டே என்னைத் தெருத்தெருவா அனுப்பியிருக்கீங்க.” மதிவாணனுக்குக் கோபம் திரும்பவும் ஏறியது. “நேரா அவங்களையே கேட்டிருக்கலாமே?”

“கேட்டேன்.” பெரியவரின் தாடை இறுகியது. “என் கண்ணைப் பாத்துச் சொன்னா, ‘நீங்கதான்பா வெச்சிருப்பீங்க, மறந்துட்டீங்க’ன்னு. கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா. அன்பாச் சொன்னா. அவ போன பிறகு நான் என்ன செஞ்சேன் தெரியுமா? குப்பைத்தொட்டியைக் கவுத்து, பால் பாக்கெட் கவர் ஏதும் கிடக்கான்னு கிண்டிக்கிட்டு இருந்தேன். நான் வாங்கியிருப்பேனோன்னு! என் புத்தி மேல எனக்கே சந்தேகம் வந்துட்டுய்யா. அதுக்குத்தான் உம்மைக் கூப்பிட்டேன். ஒண்ணும் தெரியாத ஒரு வெளியாளு, அந்தக் கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்தா என் மக வீட்டுக்குத்தான் போய் நிக்கானா, இல்லையா? எனக்கு அது தெரிஞ்சாகணும்.”

மதிவாணன் மீதிப் படியையும் ஏறி அவர் பக்கத்தில் போய் நின்றான்.

“குழாய் நான்தான் மறந்தேன்,” என்றார் வெள்ளைத்துரை, சட்டைக் கையை மடித்துக்கொண்டே. “அதை ஒத்துக்கிடுதேன். அசோகன் வண்டியில சாவியை வச்சிட்டு எத்தனை தடவை போயிருக்காரு! அவரை ஒருத்தனும் கேளம்பாக்கம் அனுப்பல. வாரும்.”

கூட்டம் அவரைப் பார்த்ததும் ஒரு விதமாக அமைதியானது. நோயாளி அறைக்குள் வரும்போது வருகிற அமைதி. அசோகன் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளி, கையைப் பிடித்து உட்காரவைக்கப் போனார். வெள்ளைத்துரை கையை உதறினார்.

“நான் நின்னுக்கிட்டே பேசுதேன். குழாயைத் திறந்து போட்டது நான். அசோகன், உம்ம கூரைக்கு வெள்ளையடிச்சுத் தாரேன். கதவைத் திறந்து போட்டது என் மக. அடுப்புல பாலை வச்சது என் மக. அவ்வளவுதான்.”

ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். தமிழ்நிலாவோடு கேட் பக்கம் வந்து நின்றிருந்த சந்திரிகாவை அசோகன் அப்போதுதான் கவனித்தார்.

“பாருங்கம்மா,” என்றார், தாழ்ந்த குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி. “இப்போ பெத்த பொண்ணையே சந்தேகப்பட ஆரம்பிச்சிட்டார். இதுக்கு மேலயும் இவரைத் தனியா விடணுமா?”

மதிவாணன் ஒரு அடி முன்னால் வைத்தான். நிறுத்திக்கொண்டான். அவனால் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட முடியும். முடித்தால், பெரியவரின் வார்த்தைக்குச் சாட்சி சொல்ல வாடகைக்கு ஆள் பிடித்து வந்ததாகத்தான் இருக்கும். அவன் சந்திரிகாவைப் பார்த்தான். வெள்ளைத்துரை பார்க்கவில்லை. நேராக, சுவரைப் பார்த்து நின்றார்.

சந்திரிகா நடந்து வந்தாள். நாற்காலிகளுக்கு நடுவே வழிவிட்டார்கள். அப்பாவுக்குப் பக்கத்தில் போய் நிற்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் எதிரே நின்றாள்.

“அப்பா சொல்றது நிஜம்,” என்றாள். “நான்தான் வெச்சேன். அப்பாவுக்கு மறதியெல்லாம் ஒண்ணும் இல்லை.” பிறகு, அவரிடம் மட்டும், பல்லைக் கடித்துக்கொண்டு: “அம்மா கூப்பிட்டது உங்களுக்குக் கேட்கலை. அதை என்னால தாங்க முடியலைப்பா.”

“எனக்கு மட்டும் தாங்குதா?” என்றார் வெள்ளைத்துரை. அந்தக் கட்டடத்தில் அதற்கு முன்போ பின்போ யாரும் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. “ஏளா, நீ ஒருநாள் கேட்டிருக்கியா? வந்து உக்காந்து, ‘அப்பா, அன்னைக்கு என்னாச்சு’ன்னு ஒருநாள்?”

அவள் தலை குனிந்தது.

அசோகன் தொண்டையைச் செருமினார். “சரி சரி. இது உங்க குடும்ப விஷயம். நாங்க தலையிடறது—”

“போன வாரம் வரைக்கும் அசோசியேஷன் விஷயமா இருந்துது,” என்றார் வெள்ளைத்துரை.

“இன்னா செக்ரெட்டரி சார், தலையிடறதுக்கே மீட்டிங் போட்டுட்டு?” என்றாள் தமிழ்நிலா கேட்டருகிலிருந்து. யாரும் சிரிக்கவில்லை. சீதா மட்டும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

வெள்ளைத்துரை அசோகன் தள்ளிய நாற்காலியை விட்டுவிட்டு, முன்வரிசையில் வேறொன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கால்மேல் கால் போட்டுக்கொண்டார். “என் விஷயம் முடிஞ்சுது. மாசாமாசம் மெயின்டனன்ஸ் கட்டுதவன் நான், மீட்டிங்கை நடத்தும். அடுத்தது என்ன?”

அசோகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தண்ணி… தண்ணி லாரி விஷயம்.”

“பேசும்.”

சந்திரிகா போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. லாரிக்காரனைப் பற்றி யாரோ தயங்கித் தயங்கிப் பேச ஆரம்பித்தார்கள். அவள் குனிந்து, அப்பாவின் தோளருகே வந்தாள்.

“நாளைக்கு வரட்டுமாப்பா?”

அவர் லாரிக் கணக்கைக் கவனமாகக் கேட்பது போல நெற்றியைச் சுருக்கினார். கோபம் இறங்கவில்லை; இறங்குகிற உத்தேசமும் முகத்தில் இல்லை.

“போன் பண்ணிட்டு வா,” என்றார் கடைசியில், திரும்பாமலே. “நான் வீட்ல இருக்கேனான்னு கேட்டுட்டு வா. எனக்கும் நாலு வேலை இருக்கும்.”